சப்பை மூக்கு

மேசைமேல் படுத்திருந்த உருண்டை என்ற பக் இன நாய், ஒவ்வொரு மூச்சையும் பாரம் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் குனிந்து அதன் மூக்கைப் பார்த்தார்.

"தூங்கும்போது குறட்டை விடுமா?"

"விடும் டாக்டர். கேட்டுச் சிரிக்காதவங்க இல்ல," என்றாள் அதைக் கொண்டுவந்த பெண்.

"அது குறட்டை இல்லம்மா, திணறல். மூக்குத் துவாரம் ஊசி நுழையற அளவுதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணா கொஞ்சம் நல்லா மூச்சு விடும்."

"பண்ணிடுங்க."

மருத்துவருக்கு மனசு ஆறவில்லை. "மூக்கு சப்பையா இருந்தாத்தான் அழகுன்னு, அதே மாதிரி ஜோடி சேர்த்துச் சேர்த்து, குட்டி போட வெச்சு விக்கறாங்க. வாயில்லா ஜீவன், யார்கிட்ட போய் அழும்? இதை வித்தவங்களைப் பார்த்தா, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளுங்க!"

அவள் உருண்டையின் முதுகை வருடிக்கொண்டே இருந்தாள்.

"நீங்களே கேட்டுட்டீங்க டாக்டர். வித்தவ நான்தான். இது படற பாட்டைப் பார்க்க முடியாம, வாங்கினவங்க போன வாரம் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

மருத்துவர் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

"இதோட அம்மா வெளியே கார்ல இருக்கு," என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "அதுக்குக் கருத்தடை பண்ணிடுங்க. இனிமே குட்டி வேண்டாம்."