நாற்காலிக்குப் பின்னால்

அவளுடைய நாற்காலியின் முதுகை யாரோ பிடித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் அது வழக்கம்தான். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க வருகிறவர்கள், சாப்பிடுகிறவருக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். இலையைப் பார்த்தபடி நிற்பார்கள்.

ரசத்துக்குச் சோறு வந்தது. காலையிலிருந்து வெறும் வயிறு. இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினாள்.

நாற்காலியைப் பிடித்திருந்தவள் தன்னோடு வந்தவளிடம் சொன்னாள்.

“அந்தப் பக்கம் வா பூங்கொடி. இது இப்போதைக்கு எந்திரிக்காது.”

இது.

கை நாற்காலியை விட்டுப் போயிற்று.

எதிர் வரிசைப் பெரியவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் தன் அப்பளத்தை மிகக் கவனமாக நொறுக்கினார்.

பாயச வாளி நாலைந்து இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. ஏலக்காய் மணந்தது.

அவள் இலையை மடித்தாள். சோற்றோடு.

கை கழுவும் இடத்தில் நெரிசல். முகத்தையும் கழுவிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வருவதற்குள் அடுத்த பந்தி பாதி நடந்திருந்தது.

அவள் எழுந்த நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண். பருமனான பெண். இடது கையால் துப்பட்டாவை இழுத்து வயிற்றின்மேல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். அவளுடைய புடவைத் தலைப்பில் அந்த இடம் மட்டும் எப்போதும் கசங்கியிருக்கும்.

உருளைக்கிழங்கு வறுவல் மறுபடி வந்தது. அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

இன்னுமா, என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றிய பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது.

பட்டு வேட்டிக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக இலைகளைப் பார்த்தபடி வந்தார். அந்தப் பெண்ணின் இலையில் அவர் கண் நின்றது.

அவள் விரைந்து போய் முந்திக்கொண்டாள். ஈரக் கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

அவர் வேறு நாற்காலி தேடிப் போனார்.

இனி யாரும் இங்கே வர முடியாது. பெண் ஆற அமரச் சாப்பிடட்டும். பாயசம் வரைக்கும் நிற்கலாம் என்று நினைத்தாள். பசித்த வயிற்றிலும் ஏதோ நிறைந்த மாதிரி இருந்தது.

பெண்ணின் முதுகு இறுகியது நாற்காலி வழியே கைக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்ணின் தோள்கள் உள்ளே ஒடுங்கின. கவளங்கள் பெரிதாயின. மெல்லாமலே விழுங்கினாள். ரசம் கொண்டுவந்தவரிடம் வேண்டாமென்று இலையின் குறுக்கே கையை நீட்டினாள். மோருக்கும் அப்படியே. பாயசம் கேட்காமலே விழுந்துவிட்டது.

பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை.

இடத்துக்காக நிற்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது?

அவள் குனிந்தாள். பெண்ணின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“மெதுவா சாப்பிடும்மா.”

பெண்ணின் காது மடல் சிவந்தது.

திரும்பிப் பார்க்காமல் இலையை மடித்தாள். பாயசம் ஓரமாக வழிந்து மேசைக் காகிதத்தில் பரவியது. எழுந்தாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“எனக்கு ஆச்சுக்கா. நீங்க உக்காருங்க.”