தெல்பீனாவுக்குச் சொந்தக்காரர்

கப்பலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று டைரக்டருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வீடியோ கேம் கம்பெனியில் எல்லாப் பேட்டியும் அவருடையதுதான்.

பழங்கால கிரேக்கக் கடற்போர் பற்றிய விளையாட்டு அது. அதில் வரும் ‘தெல்பீனா’ என்ற போர்க்கப்பலைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். மூன்று அடுக்குத் துடுப்புகள், எதிரிக் கப்பலை இடித்துத் துளைக்கும் வெண்கல மூக்கு, முகப்பில் முறைக்கும் இரண்டு பெரிய கண்கள்.

அதை முடித்துக் கொடுத்தவள் மூலை மேஜை கிராபிக்ஸ் பெண். மேடையேறி விருது வாங்கியவர் டைரக்டர். “ஒரு வருஷமா தூக்கமே இல்லை” என்று மைக்கில் தழுதழுத்தார். முதல் வரிசையிலேயே ஒருவர் கொட்டாவி விட்டார்.

“உனக்குக் கோபமே வராதாடி?” என்று பக்கத்து மேஜைக்காரி பொருமினாள்.

“அவரே வச்சுக்கட்டும்க்கா. எனக்கெதுக்குப் பேரு?”

ஒரு திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார்.

“போட்டிக் கம்பெனிகிட்டயும் இதே கப்பல் இருக்கு சார். துடுப்பு எண்ணிக்கைகூட மாறலை.”

“திருட்டுப் பசங்க!” டைரக்டர் துள்ளி எழுந்தார். “சொந்த மூளை இருந்தாத்தானே!”

“வரைஞ்சது இங்க ஒரு பொண்ணுன்னு கேள்விப்பட்டேன்...”

கூப்பிட்டார்கள். வந்து நின்றவளின் முகம் வெளிறியிருந்தது.

டைரக்டர் ஏளனமாகச் சிரித்தார். “இவளா? இவளுக்கு ஒரு கோடு நேரா போட வராது. ஒவ்வொரு பலகையும் நான் வச்சது சார். இவ கை அதுல பட்டதே இல்லை.”

“அப்படியாம்மா?”

“சார் சொன்னா சரிதான்.”

இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா சார்?”

“ஒண்ணு என்ன, ஒன்பது கையெழுத்துப் போடுறேன்!”

இரண்டு பக்கம் எழுதினார். ‘நான் மட்டுமே’ என்ற இடத்தில் அடிக்கோடு வேறு.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “புகார் கொடுத்ததே அந்தப் போட்டிக் கம்பெனிதான் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கப்பலைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. அங்கிருந்து சுட்டது யாருன்னு தெரியாமத்தான் வந்தேன். வண்டி கீழ நிக்குது, வாங்க.”

“ஐயோ, அது... அது இவ...”

“இப்பத்தானே எழுதிக் கொடுத்தீங்க?”

போன வருடம் அந்தப் போட்டிக் கம்பெனி வேலையை உதறியபோது கப்பலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தவள், இருவரும் வெளியே போகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.