நாலு பேருக்கு ஒரு வீடு

வானிலையைப் பற்றிப் பேசவேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

அவனும் கவுசிக்கும் எதிரெதிரே நின்றார்கள். குளிரைப் பற்றி ஆங்கிலத்தில் ரெண்டு வார்த்தை, ரயில் தாமதத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. முடிந்தது.

அடுத்த வாரம் எல்லோரும் ஜெர்மனிக்குப் போகிறார்கள், ஒரு செமஸ்டர் படிக்க. அந்த ஊர்ப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து பிரமிளா மேடம் வந்திருந்தார்.

"அங்கே வயசு கேட்கக் கூடாது. சம்பளம் கேட்கக் கூடாது. சொந்த விஷயம் எதுவுமே கேட்கக் கூடாது."

"அப்புறம் என்னத்தைத்தான் மேடம் பேசுறது?" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு.

அவன் சிரிக்கவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

கேள்வியே கேட்காத ஒரு தேசம்! அப்படியும் ஒன்று இருக்கிறதா!

விடுதியில் மூன்று வருஷமாகக் கழுவுற மீனில் நழுவுற மீனாக இருந்து பழகியவன். எந்த ஊர் என்றால் மதுரைப் பக்கம். மதுரையில் எங்கே என்றால் கொஞ்சம் தள்ளி. குலசாமி எது என்று எவனாவது ஆரம்பித்தால், போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போய்விடுவான்.

இனி அது வேண்டாம். இதற்காகத்தானே ராப்பகலாகப் படித்தான்.

"அங்கே நாலு பேருக்கு ஒரு வீடு, ஒரே சமையல்கட்டு. தனி அறையும் உண்டு, நம்ம பிள்ளைங்க யாரு கேட்கப்போறீங்க! டீ குடிச்சிட்டு வந்து, யார் யாரோடன்னு சொல்லுங்க" என்றார் மேடம்.

கவுசிக் அவன் தோளில் கை போட்டான்.

"எங்ககூட வந்துடு மச்சி. நான், சஞ்சய், பிரணவ். நாலாவது நீ. உனக்குச் சமைக்கத் தெரியும்ல?"

தெரியும். நன்றாகவே தெரியும். சந்தோஷத்தில் சரி சரி என்றான். தானாக வந்து கூப்பிட்டுவிட்டானே!

டீயைக் கவுசிக்கே எடுத்துக் கொடுத்தான்.

"ஆமா, உங்க ஊரு எது?"

சொன்னான்.

"அட, எங்க மாமா வீட்டுக்குப் பக்கம்டா! ஊர்ல எங்க?"

"பஸ் ஸ்டாப்புகிட்ட."

"ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை சொல்லியிருக்கிறான், இன்னொரு தடவை சொன்னால் நாக்கா அழுகிவிடும்? ஆனால் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடப் போகிறவனிடம் எதற்குப் பொய் என்று தோன்றிவிட்டது, பாவிக்கு.

"அந்தப் பக்கம். காலனி."

"ஓ" என்றான் கவுசிக். முகம் மாறவில்லை. மாறியிருந்தால்கூடத் தேவலை.

"டீ ஆறுது, குடி" என்று சொல்லிவிட்டுச் சஞ்சயைத் தேடிப் போனான்.

திரும்பி வந்து எல்லோரும் உட்கார்ந்ததும் கவுசிக்தான் முதலில் எழுந்தான். சஞ்சய் பெயரைச் சொன்னான். பிரணவ் பெயரைச் சொன்னான். நாலாவதாக ஹேமந்த் என்றான்.

ஹேமந்துக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது.

அடுத்த வீடு நிரம்பியது. அதற்கடுத்ததும் நிரம்பியது. கேட்டவன் ஒருத்தன்தான். டீ ஆறுவதற்குள் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேரோ, யார் கண்டது. ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

விமானம் ஏறும் முன்பே அவனுக்கு அந்தத் தேசம் முடிந்துபோயிற்று.

"ஏன் தம்பி, நீங்க மட்டும் தனியாவா?" என்றார் மேடம்.

ஆமென்று தலையை ஆட்டினான்.

மேடத்தின் முகம் மலர்ந்தது.

"பாருங்க! தனியா இருக்கப் பயப்படாத ஒரே ஆளு. அங்கே எல்லாரும் இப்படித்தான். இவரு இப்பவே அந்த ஊர்க்காரர் ஆயிட்டாரு. கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

கவுசிக்தான் ரொம்ப நேரம் தட்டினான்.