வாயில் நுழையாத வார்த்தை

“யார் நிலம்டா?”

“ஐயா நிலம்ங்க.”

சாரங்கபாணி தலையில் அடித்துக்கொண்டார். மூன்று நாளாக இதே கூத்து. நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப, பண்ணையாள் வீரையன் பெயரில் ஒரு வேலி நிலத்தை எழுதிவைத்திருந்தார். அதை விசாரிக்கச் சட்டமன்றக் குழு வருகிறது. இவனுக்கோ ‘என் நிலம்’ என்கிற இரண்டு வார்த்தை வாயில் நுழையவில்லை.

“உன் நிலம்டா. பத்திரம் உன் பேர்லதானே இருக்கு?”

“எழுதினது ஐயாதானுங்களே.”

நாலாம் நாள் குழு வந்தது. மதியச் சாப்பாடு சாரங்கபாணி வீட்டில்தான். பாயசம் முடிந்ததும், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு தலைவர் எச்சரித்தார்.

“குழு முன்னால பொய் சொன்னா சட்டமன்றத்துக்கே சொன்ன மாதிரி. உரிமை மீறல். ஜெயில் வரைக்கும் போகும்.”

வீரையன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். “பெரிய மனுசங்களுக்குமாங்க?”

“யாரா இருந்தாலும்தான்.”

குழு சிரித்தது. சாரங்கபாணிக்கு மட்டும் லேசாக வியர்த்தது. ஆனாலும் எழுந்து, நிலம் வீரையனுடையது, அவன் உழைப்புக்குத் தாமே மனமுவந்து கொடுத்தது, தமக்கு அதில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். வீரையனும் திக்கித் திணறி “என் நிலம்ங்க” என்றுவிட்டான். சொன்னதையெல்லாம் தட்டச்சடித்துக் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு நகல் கொடுத்தார்கள். வள்ளலுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுக் காரில் ஏறினார் தலைவர்.

தை பிறந்தது. சாரங்கபாணி அறுப்புக்கு ஆள் அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். வயலில் அறுத்துவிட்ட வெறும் தாள்தான் நிற்கிறதாம்.

பதறிக்கொண்டு ஓடினார். களத்தில் வீரையனும் அவன் பெண்சாதி அம்சமும் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள்.

“யார் நிலத்துலடா அறுத்தே?”

“என் நிலம்ங்க.”

இம்முறை திக்கவில்லை.

“ஜெயிலுக்குப் போவேடா நீ.”

வீரையன் முறத்தைக் கீழே வைத்தான். மடியில் இருந்த நகலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதே பணிவோடு கையைக் கட்டினான்.

“நான் போனா பரவால்லீங்க. அன்னிக்கு ஐயாவும்ல கையெழுத்துப் போட்டீங்க. ஐயா ஜெயிலுக்குப் போறத என்னால பாக்க முடியாதுங்க. அதான், ஐயா சொன்ன பொய்ய நிசமாக்கிட்டேன்.”