பாலத்துக்கு அப்புறம்

எழுந்து போய்விடலாம் என்று மூன்றாவது முறையாக நினைத்தாள்.

கைப்பையைத் தோளில் மாட்டினாள். எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. கல்லூரி அரங்கம் முழுக்க இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். நரைத்த தலை அவளுடையது ஒன்றுதான்.

பழைய வீடியோ கேம்களின் இசையைப் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் தபேலாவுக்கும் மாற்றி எழுதி மாணவர்கள் வாசிக்கிறார்கள். ரத்த வங்கியில் அவளோடு வேலை பார்த்த தோழியின் மகள் வயலின் வரிசையில் இருக்கிறாள். நுழைவுப் பாஸ் அப்படி வந்ததுதான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள், நிகழ்ச்சித் தாளில் நான்காவதாக இருந்த ஆட்டத்தின் பெயரைப் படிக்கும்வரை.

மூன்று பாட்டுகள் முடிந்துவிட்டன.

அவள் மகன் பரணி அந்த ஆட்டத்தை ஆடியபோது அவனுக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்று. பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டி, தலையணையில் சாய்ந்தபடி நாளெல்லாம் ஒரே ஆட்டம். ஒரு குட்டி மனிதன் காட்டுக்குள் ஓடுவான். உடைந்த பாலத்தில் கால் வைப்பான். ஆற்றில் விழுவான். பாட்டு அறுந்து முதலிலிருந்து தொடங்கும்.

நாற்பது விநாடி. ஒரு நாளைக்கு நூறு தடவை. காதுக்குள் ஊசி இறக்குகிற மாதிரி ஒரு கீச்சொலி.

ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமாக அலைந்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம், அவளால் தாங்க முடியவில்லை.

"அந்தச் சனியனை நிறுத்தித் தொலைடா."

அவன் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் அடியோடு குறைத்துவிட்டான்.

அதன்பிறகு வீட்டில் பொத்தான்களின் டக் டக் மட்டும்தான். திரும்ப வைத்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லப்போனால், நிம்மதியாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, பாலத்தைத் தாண்டிட்டேன்."

"சரிப்பா," என்றாள். போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவன் இல்லை.

மேடையில் கறுப்புச் சட்டை இளைஞன் கையை உயர்த்தினான்.

புல்லாங்குழல் மட்டும் தொடங்கியது. அதே கீச்சு, அதே உயரம். அவள் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் தபேலா சேர்ந்தது. குட்டி மனிதனின் ஓட்டம் அது. வயலின்கள் அடியில் மெல்லப் படர்ந்தபோது, ஊசி என்று அவள் நினைத்திருந்தது ஒரு மெட்டாக மாறியது. துள்ளுகிற, கொஞ்சம் அசட்டுத்தனமான, குழந்தைகள் முணுமுணுக்கிற மெட்டு.

இதையா நிறுத்தச் சொன்னேன்?

கால் நிலைகொள்ளவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

முப்பது விநாடி. முப்பத்தைந்து. இங்கேதான். இந்த இடத்தில்தான் விழுவான்.

அறுந்துபோகவில்லை.

தபேலா நின்றது. வயலின்கள் எல்லாம் ஒரே குரலில் கீழிறங்கி, நீளமாக, அவசரமே இல்லாமல் வேறொன்றை வாசிக்கத் தொடங்கின. காட்டைவிட்டு வெளியே வந்ததும் எதிரே சட்டென்று வெட்டவெளி விரிகிற மாதிரி இருந்தது.

இதை அவள் கேட்டதில்லை.

அவனும்தான். பாலத்தைத் தாண்டி அவன் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது டிவியில் சத்தம் இல்லை.

ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. எதுவும் காதில் ஏறவில்லை.

கடைசியில் கறுப்புச் சட்டை இளைஞன் மைக்கைப் பிடித்தான். "இன்னும் ஒண்ணு வாசிக்க நேரமிருக்கு. எது வேணும்?"

ஆளுக்கொரு பெயராகக் கத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான், தான் எழுந்து நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லுங்கம்மா."

"நாலாவதா வாசிச்சீங்களே. அதுல, பாலத்துக்கு அப்புறம் வர்றது."

அவன் முகம் மலர்ந்தது. "நீங்க அந்த கேம் விளையாடியிருக்கீங்களாம்மா?"

"என் பையன்."

"அப்போ முதல்லேருந்தே முழுசா வாசிச்சிடுறோம்."

"இல்லப்பா," என்றாள். "தாண்டினதுலேருந்து போதும்."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு திரும்பி, இரண்டு தாள்களைத் தள்ளிப் புரட்டினான்.

வயலின்கள் தோளுக்கு ஏறின.

அவள் உட்காரவில்லை.