பதினெட்டுச் சொல் அதிகம்

மணி நாலு. ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளம் மூடிவிடும்.

தங்கையின் கட்டுரையில் பதினெட்டுச் சொல் அதிகமாக இருந்தது. அறுநூற்றைம்பதுக்கு மேல் ஒரு சொல்கூடத் தளத்தில் கட்டுரையை ஒட்டும் பெட்டி வாங்கிக்கொள்ளாது. வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இந்த மாதிரிக் கட்டுரையில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே பிரித்துத் திரும்ப மடித்தாள்.

இது நாலாவது கட்டுரை. நீச்சலில் வாங்கிய பரிசைப் பற்றி ஒன்று, தெருநாய்களுக்குச் சோறு வைத்ததைப் பற்றி ஒன்று, கணக்கின் மேல் இருக்கும் காதலைப் பற்றி ஒன்று என்று முதலில் எழுதியவற்றை, மாணவர் சேர்க்கை ஆலோசகர் வீடியோ அழைப்பிலேயே தூக்கிப் போட்டுவிட்டார். இந்த மாதிரி தினமும் நூறு வருகிறதாம். மனசை உலுக்குகிற மாதிரி உங்கள் வீட்டில் எதுவுமே நடக்கவில்லையா என்று கேட்டார்.

அப்போது நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் அண்ணனைப் பற்றி எழுதினாள்.

அதே பல்கலைக்கழகத்துக்கு மூன்று வருஷம் விண்ணப்பித்து, மூன்று வருஷமும் வருந்துகிறோம் என்ற கடிதத்தை வாங்கிய அண்ணன். ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் கதை பாதியில் நிற்கிறதே, இதற்கு ஒரு முடிவு வேண்டாமா என்றார். இரண்டாவது வரைவில் முடிவு வந்தது. எப்படி இறந்தான் என்பதை மட்டும் எழுத வேண்டாம், படிப்பவர்கள் தாங்களே ஊகித்துக்கொள்வார்கள் என்றார்.

நான் வெட்ட ஆரம்பித்தேன்.

‘மிகவும்’ மூன்று இடத்தில் வந்தது. மூன்றையும் எடுத்தேன். அண்ணனுக்கு முன்னால் ‘என்னுடைய அன்பான’ என்று இருந்தது. அதையும் எடுத்தேன். அண்ணன் என்றாலே போதும்.

இன்னும் பதின்மூன்று.

சைக்கிள் விஷயம் நன்றாக வந்திருந்தது. அவளுக்கு ஆறு வயது. சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்த அண்ணன் சொல்லாமல் கையை விட்டுவிட, அவள் தெருமுனை வரை தனியாகவே போய்விடுகிறாள். போய் மோதியதையும் தாடையில் தையல் போட்டதையும் அவள் எழுதவில்லை. நானும் சேர்க்கவில்லை. அதற்குச் சொல் ஏது?

‘அன்று வானம்கூட எங்களோடு சேர்ந்து அழுதது.’ ஐந்து சொல். எடுத்தேன். அன்று மழையா வெயிலா, யார் கண்டது?

கணக்குப் போடும்போது அண்ணன் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வான், விடை வந்ததும் விட்டுவிடுவான் என்று ஒரு வரி. அது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. இப்படி ஒருவனை இழந்தால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். அந்த வரியில் கை வைக்க மனம் வரவில்லை.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை என்று கேட்டார். எட்டு என்றேன்.

‘அம்மா இன்றும் அவன் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.’ எண்ணிப் பார்த்தேன். சரியாக எட்டு. கட்டுரையில் இன்றைக்கும் அப்படியே நடக்கிற வரி அது ஒன்றுதான். மற்றது எதை எடுத்தாலும் கதை நொண்டும். எடுத்துவிட்டேன்.

அறுநூற்றைம்பது.

அப்பா ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான்தான் படித்தேன். நாலாவது பத்தியில், அந்த வீட்டுச் சாப்பாட்டில் ஒரு தட்டு குறைந்ததைச் சொல்லும் இடத்தில், அம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரம் எதிலும் விழுகிற சத்தம் இல்லை. அப்பா தரையைப் பார்த்தபடி, இதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லையே என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கட்டுரையைப் பெட்டியில் ஒட்டினோம். வாங்கிக்கொண்டது. மணி நாலு ஐம்பது.

அதன் பிறகு குடும்ப விவரம். அப்பா பெயர், அம்மா பெயர், வேலை. தங்கை மடமடவென்று தட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் கை நின்றது. தற்போது உள்ள உடன்பிறந்தவர்களின் எண்ணிக்கை என்று கேட்டிருந்தது.

என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“கூடப்பிறந்தவங்க இப்ப எத்தனை பேருன்னு கேக்குது. என்ன போடட்டும், அண்ணா?”

அடுப்படியில் குழாய் நின்றது.

“நான் ஒருத்தன்தானே. ஜீரோன்னு போடு” என்றேன்.

போட்டாள். போட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் பிறந்த தேதியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அந்தப் பெட்டிக்கு வந்ததும் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு அடுத்த பெட்டிக்குப் போனது.

எல்லாம் சரியாக இருக்கிறது, அனுப்பிவிடலாம் என்றார்.