காலிப் பெட்டியின் துடிப்பு

வண்டிப் புகை இதயத்தை என்ன செய்யும் என்று எலிகளை வைத்துப் பார்க்கும் ஆய்வகம் அது. கடைசிக் கண்ணாடிப் பெட்டி காலி. ஆனாலும் அதன் திரையில் துடிப்பு ஓடியது. எலிக்கு நிமிடத்துக்கு முந்நூறைத் தாண்டும், இது எழுபதுதான்.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் எல்லோரும் 'எலி டாக்டர்' என்று கூப்பிடும் ஆய்வகத் தலைவி. அவரைக் கேட்காமல் அங்கே ஓர் எலிகூட மூச்சு விடாது.

"நீங்க மாடியேறி வந்தப்போ நூறு காட்டுச்சுக்கா," என்றாள் உதவிக்கு இருந்த பெண்.

"வயர் கோளாறு. புகையைத் திறந்து விடு, பார்த்துடலாம்."

"காலிப் பெட்டியிலயா?"

"காலிதானே? யாருக்கு என்ன ஆகப்போகுது?"

குழாய் திறந்தது. பெட்டிக்குள் புகை மெல்லப் படர்ந்தது. திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளியது.

டாக்டர் இருமினார். நெஞ்சை நீவிக்கொண்டே சிரித்தார்.

"நான்தான் சொன்னேனே, மெஷின்தான். இன்னும் நல்லாத் திற."